பாதம் விழாத கல்யாணப் பத்திரிகை

ஜூலை 27, திங்கள்

ஆடிக் காற்று. பிரஸ் கதவைத் திறந்ததும் மேஜைமேல் இருந்த ப்ரூஃப் அத்தனையும் பாலக்கரை வீதிக்கு ஓட்டம். துரத்திப் பிடித்தேன். ஒன்று சாக்கடையில்.

இன்று செய்ய வேண்டியது: கறுப்பு மை. ஜன்னல் கொக்கி. வீட்டில் புஷ்பத்துக்கு இருமல் மருந்து. மூன்றும் நடக்கவில்லை.

பதினோரு மணிக்கு சேஷாத்ரி ஐயங்கார் வந்தார். ரயில்வேயில் ரிடையரானவர். ஸ்ரீரங்கம், உத்தர வீதி. மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை நம்மிடம்தான் அடித்தார், சனிக்கிழமை கொடுத்தாயிற்று. அதில் இரண்டை எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பாரும்."

பார்த்தேன். ஒன்றின் உச்சியில் நாமம் ஒழுங்காக இருந்தது. இன்னொன்றில் நாமத்துக்கு அடியில் பாதம் இல்லை.

ஸ்ரீரங்கத்து வேலை எடுக்கிறவனுக்கு இதுதான் அரிச்சுவடி. தென்கலை நாமத்துக்குக் கீழே பாதம் உண்டு. வடகலைக்குக் கிடையாது. இவர்கள் பரம்பரைத் தென்கலை. பாதிப் பத்திரிகையில் நான் இவர்களை வடகலையாக்கி ஊர் முழுக்கத் தபாலில் போகவிட்டிருக்கிறேன்.

மெஷினிலிருந்து நாமத்தின் ப்ளாக்கைக் கழற்றினதும் விஷயம் தெரிந்தது. பழைய ப்ளாக். பாதம் தேய்ந்து தணிந்துவிட்டது என்று அதற்கு அடியில் ஒரு காகிதத் துண்டை ஒட்டித் தூக்கி வைத்திருந்தேன். பாதி ஓட்டத்தில் துண்டு நழுவியிருக்கிறது. ப்ரூஃபில் விழுந்த பாதம் அப்புறம் விழவில்லை. ட்ரெடில் மெஷினை மிதித்தவன் நான். அடித்ததை எடுத்து அடுக்கினவனும் நான். கண்ணை எங்கே வைத்திருந்தேனோ.

மன்னிப்புக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அவர் வாசலில் நின்று கத்தினார், தெருவே பார்த்தது, எனக்கும் ஏறிவிட்டது.

"ஒரு கால் இல்லாததுக்கா சார் இவ்வளவு கூத்து?"

அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். அச்சு எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்த காதர் பாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஐயங்கார் இரண்டு பத்திரிகையையும் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் இன்னும் இரண்டு கத்து கத்தியிருக்கலாம்.

என் நாக்கை அறுத்து டிராயரில் போட்டுப் பூட்ட வேண்டும்.

ஜூலை 29, புதன்

காற்று அப்படியே.

பத்திரிகையைவிட வேகமாக என் பேச்சு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பாத்திரக்கடைக்காரர் காலண்டருக்குக் கொடுத்த மேட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அவசரமில்லீங்க, அப்புறம் பாத்துக்கலாம்." முகத்தைப் பார்க்கவே இல்லை. மத்தியானம் இன்னொரு கல்யாண வீட்டார். அவர்கள் நேராகவே கேட்டார்கள்: "கூத்துன்னு சொன்னவர் நீங்கதானே?"

நம் பிரஸ்ஸில் முக்கால்வாசி வேலை ஸ்ரீரங்கம். காவேரிக்கு அந்தப்பக்கம் கதவடைத்தால் இந்தப்பக்கம் நான் விசிட்டிங் கார்டு அடித்துப் பிழைக்க முடியாது.

ஐயங்கார் மறுபடி அடிக்கச் சின்னக்கடை வீதியில் வேறு பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டாராம். நான் சும்மா அடித்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பதில் இல்லை.

காதர் பாய்: "நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திடுங்க மொதலாளி. நான் வேணா கூட வர்றேன்."

"நீங்க முஸ்லிம், நான் கிறிஸ்தவன். ரெண்டு பேரும் போய் நின்னா சமாதானமா ஆகும்? கலகம்னுதான் நெனப்பாங்க."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி புஷ்பம் மீன் குழம்பு வைத்திருந்தாள். எரிந்து விழுந்தேன். பாவம், மீன் என்ன செய்தது.

ஜூலை 31, வெள்ளி

புஷ்பத்தின் தம்பி ஆரோக்கியம் வந்தான். திருவெறும்பூரில் எழும்புகிற பெரிய தொழிற்சாலைக்கு வேலை எடுத்திருக்கிற காண்டிராக்டர் ஒருவரிடம் இருக்கிறான். அங்கே ஸ்டோர் கீப்பர் இடம் காலி.

"உங்களுக்குன்னே சொல்லி வெச்சிருக்கேன் மச்சான். மாசம் பொறந்தா சம்பளம். சிமெண்டு மூட்டை உங்ககிட்ட வந்து நாமம் எங்கேன்னு கேக்காது."

"பிரஸ்?"

"மெஷினை வாங்கிக்க ஆள் இருக்கு. பதினாலாம் தேதிக்குள்ள சொல்லிடுங்க."

அதட்டி அனுப்பலாம் என்று வாயைத் திறந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். புஷ்பம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன எண்ணம் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. போ என்று சொல்லிவிட்டால்?

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. மாதா கோவிலில் முதல் பூசை முடிந்ததும் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன், ஐயங்காரைப் பார்த்துக் காலில் விழுந்தாவது முடித்துவிடுவது என்று. பாலத்தில் பஸ் நகரவில்லை. காவேரி இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. பார்க்கும் இடமெல்லாம் புதுத் தாலிக் கயிறு, காதோலை, கருகமணி, சித்ரான்னத் தூக்கு. ஊரே சந்தோஷமாக இருக்கிற நாளில் நான் ஒருவன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

அம்மா மண்டபம் வரை போனேன். இளநீர் குடித்தேன். என்ன சொல்வது என்று மனசுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் நடுவில் ஒரு 'ஆனா' வந்தது. தப்புதான், ஆனா நீங்க கத்தினீங்க. தப்புதான், ஆனா ஒரு கால்தானே.

திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

கோபம் வராமலிருக்க நான் செய்து பார்த்தவை:

தண்ணீர் குடிப்பது. (நாலு தம்ளர். கோபமும் இருந்தது, வயிறும் கனத்தது.)

ஜெபமாலை. (மூன்றாவது மணியில் பாத்திரக்கடைக்காரன் முகம்.)

மெயின்கார்டு கேட் வரை வேகமாக நடப்பது. (ஒரு ரிக்ஷாக்காரனோடு சண்டை.)

பதில் சொல்லாமல் இருப்பது. (இன்னும் செய்து பார்க்கவில்லை.)

ஆகஸ்ட் 4, செவ்வாய்

போனேன். கதவைத் தட்டினதும் ஐயங்காரே வந்தார். உள்ளே கூப்பிடவில்லை. வாசற்படிக்குக் கீழே நான், மேலே அவர்.

"எதுக்கு வந்தீர்?"

"மன்னிச்சுக்கணுங்க. பேசினது தப்பு."

"பேசினது மட்டும்தான் தப்போ?"

"அடிச்சதும் தப்புங்க. ஆனா அந்த ப்ளாக்குக்கு அடியில ஒட்டியிருந்த பேப்பர்..."

கதவு சாத்தப்பட்டது. சனியன் பிடித்த 'ஆனா'.

ஆகஸ்ட் 5, புதன்

வேலை: ஒரு கருமாதிக் கார்டு. அவ்வளவுதான். காதர் பாய் எழுத்துகளை எல்லாம் எடுத்து மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருக்கிறார். வேலை இல்லாத பிரஸ்ஸில்தான் எழுத்து இவ்வளவு சுத்தமாக இருக்கும்.

இங்கே உட்கார்ந்து ஈ ஓட்டுவதற்கு அங்கே போய்த் திட்டு வாங்கலாம். சாயங்காலம் மறுபடி போனேன். இன்றைக்கு ஒரே ஒரு வைராக்கியம்: 'ஆனா' கிடையாது.

திட்டினார். கும்பகோணத்துச் சம்பந்திக்குப் போன கட்டு முழுக்கப் பாதம் இல்லாத பத்திரிகையாம். அவர் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார். அங்கே சொந்தக்காரர்கள், பெண் வீட்டார் கலை மாறிவிட்டார்களா, மறைத்துச் சம்பந்தம் பண்ணுகிறார்களா என்று கேட்கிறார்களாம்.

"இருபத்தேழு வருஷம் ரயில்வேயில ஒரு மெமோ வாங்கினதில்லை ஓய் நான். என் பொண் கல்யாணத்துல என்னைத் தலைகுனிய வச்சுட்டீரே."

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. என் பிரஸ், என் பெயர், என் வேலை என்றே இருந்துவிட்டேன். காது சுட்டது. "ஆமாங்க" என்றேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

போனேன். திட்டினார். நாமத்தில் ஆரம்பித்து சமையல்காரன் அட்வான்ஸ் கேட்பது, பம்பாயில் இருக்கும் பையன் லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருப்பது, அரிசி கிடைக்காத கொடுமை, எல்லாம் வந்தது. எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்பது போலவே என்னைப் பார்த்துத் திட்டினார். அரிசிக்குக்கூட.

நடுவில் அவர் வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "போறுமே, அவர் பாலக்கரை போகணும்" என்றார்.

"நீ சும்மா இரு!"

ஆச்சரியம், பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபமே இல்லை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

இன்று நடந்ததை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அழுகைதான் வருகிறது.

காலையில் ஒருவர் வந்தார். வடகலை நாமம், பளிச்சென்று. வெளியூர்க்காரர். உட்கார்ந்தார், சுற்றிலும் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"பாதத்தை எடுத்தீராமே. தைரியசாலி ஓய் நீர்! ஸ்ரீரங்கத்துக்கு எதிர்க்கரையில உக்காந்துண்டு!"

"ஐயையோ, நான் எடுக்கலீங்க. அது தேஞ்சு..."

"தெரியும், தெரியும். வெளியில சொல்லிக்கப்படாது." கண்ணைச் சிமிட்டினார்.

இரண்டு கலைக்கும் ஏதோ ஒரு ஊரில் கோவில் வழக்காம். தங்கள் கட்சியை விளக்கி நோட்டீஸ், அப்புறம் ஒரு புஸ்தகம், அப்புறம் ஊர் ஊராக ஒட்டப் போஸ்டர். நம் மெஷினுக்குத் தீபாவளி வரை ஓய்வே இருக்காது. மேட்டரைக் காட்டினார். எதிர்த்தரப்பைப் பற்றி எழுதியிருந்த எழுத்தில் சூடு பறந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

காதர் பாய் அவர் போகும்வரை காத்திருந்தார். "எடுத்துக்கலாம் மொதலாளி. நமக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

நமக்கு ஒன்றுதான். அப்படி நினைத்ததுதான் இவ்வளவுக்கும் காரணம். இதை அடித்தால் அன்றைக்கு நடந்தது தப்பு இல்லை, வேண்டுமென்றே செய்தது என்று ஆகிவிடும். ஐயங்கார் வீட்டு வாசலில் அப்புறம் எந்த முகத்தோடு போய் நிற்பது? அடிக்காவிட்டால் காதர் பாய்க்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? எழுந்தேன், உட்கார்ந்தேன், மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். போட்ட இடத்திலேயே மறுபடி போட்டேன்.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் போனேன். திட்டு, வழக்கம்போல. இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆகஸ்ட் 8, சனி

நோட்டீஸ்காரர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். முடியாது என்று சொன்னேன்.

"ஏன்? பயமா?"

"பயந்தாங்க. எனக்குப் பொழப்பு ஸ்ரீரங்கத்துல."

"அவாதான் உம்மைத் தள்ளி வச்சுட்டாளே!"

"தள்ளி வெச்சிருக்காங்க. நான் தள்ளி வைக்கலீங்க."

கோழை என்றார். இரண்டாங்கெட்டான் என்றார். மேட்டரைச் சுருட்டி என் மேஜைமேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பத்து நாளைக்கு முன்னால் என்றால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். இன்று, "போயிட்டு வாங்க" என்றேன். நானா சொன்னேன்?

பெருமைப்பட ஒன்றும் இல்லை. இரண்டு கலைக்கும் ஆகாதவனாகிவிட்டேன். காதர் பாய் மத்தியானம் என்னோடு பேசவில்லை. புஷ்பத்திடம் சொன்னேன். "சரி" என்றாள். சரி என்றால் செய்தது சரியா, சரி போய்த் தொலையட்டும் என்பதா? கேட்டால் இருமுகிறாள்.

ஆகஸ்ட் 10, திங்கள்

மழை தூறல். ஸ்ரீரங்கம் போனேன். இன்று திட்டு கொஞ்சம். சமையல்காரன் ஓடிவிட்டானாம், அவருக்கே குரல் எழும்பவில்லை. சம்பந்தியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடி தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒரு மாடு போயிற்று.

பஸ்ஸில் ஆரோக்கியம் நினைப்பு. எத்தனை நாளைக்கு இப்படி ஒரு வாசலில் போய் நிற்பது? எனக்கும் வயசு நாற்பத்தாறு.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

பிரஸ்ஸைப் பூட்டிவிட்டுத் திருவெறும்பூர் போனேன். ஆரோக்கியம் சுற்றிக் காட்டினான். பொட்டல் காடாக இருந்த இடத்தில் கொட்டகை கொட்டகையாக எழும்புகிறது. ஸ்டோரில் மேஜை, நாற்காலி, மின்விசிறி. டீ நேரத்துக்கு வருகிறது. ஒருவரும் கத்தவில்லை.

மேஸ்திரி ஒருவர், "நீங்கதான் புது ஸ்டோர் கீப்பருங்களா? வாங்க, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். யாராவது என்னை வாங்க என்று சொல்லி எத்தனை நாளாயிற்று.

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். மனசுக்குள் சொல்லியாயிற்று. வரும் வழியில் மெஷினைப் பெயர்க்க எத்தனை ஆள் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12, புதன்

காலை பத்து மணி. காதர் பாயிடம் விஷயத்தைச் சொல்லலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். வாசலில் செருப்புச் சத்தம். சேஷாத்ரி ஐயங்கார்! வேர்த்து விறுவிறுத்து, குடையும் பையுமாக.

"நேத்து ஏன் வரல்லை?"

எனக்குப் புரியவில்லை.

"ஏழு மணி வரைக்கும் வாசல்லயே நின்னேன் ஓய்! உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லீங்க, திருவெறும்பூர் போயிருந்தேன், ஒரு சோலியா."

"சொல்லிட்டுப் போறதில்லையா?" என்றார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். சோடா வரவழைத்தேன், தன் எதிரிலேயே உடைக்கச் சொல்லிக் குடித்தார். அப்புறம் ஆரம்பித்தார். நேற்றைய பாக்கியையும் சேர்த்துத் திட்டினார். காதர் பாய் திரும்பி நின்றுகொண்டார், முதுகு குலுங்கியது.

எழுந்து குடையை எடுத்தபின் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நாளைக்குச் சம்பந்தி வரார். கார்த்தால பத்து மணி. அவர் எதிர்ல உம்மை ஒரு தரம் திட்டணும். அப்பத்தான் தப்பு அச்சுல நடந்ததுதான்னு அவருக்கு மனசு ஆறும். ஊர்ல போய்ச் சொல்லுவார்." சற்று நின்றார். "வருவீரோன்னோ?"

அந்தக் கடைசிக் கேள்வியில் அதிகாரம் ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணின் அப்பா கேட்டார்.

"வர்றேங்க" என்றேன்.

காதர் பாயிடம் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

வெயில். காற்று நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டை. கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி கிளம்பினேன், திட்டு வாங்க.

இன்று முதன்முதலாக உள்ளே கூப்பிட்டார்கள். கூடத்தில் சம்பந்தி. கனத்த ஆள். ஜரிகை அங்கவஸ்திரம். அவர் பக்கத்து உறவு இரண்டு பேர். மாமி உள்கதவருகே, கையில் காபி டபரா. பின்னால் அந்தப் பெண்ணும் நின்றிருக்க வேண்டும், வளையல் சத்தம் கேட்டது.

"இவர்தான்" என்று ஐயங்கார் ஆரம்பித்தார். நன்றாகத்தான் திட்டினார். ஆனால் எனக்கு அவர் திட்டு பழக்கமல்லவா, குரல் நடுங்குவது தெரிந்தது. நான் கை கட்டி நின்றேன். முடிந்ததும் நானே சம்பந்தியிடம் சொன்னேன்: பழைய ப்ளாக், அடியில் ஒட்டின காகிதம் நழுவியது, மிதித்தவன் நான், பார்க்காமல் விட்டவன் நான், பிறகு மரியாதையில்லாமல் பேசினவனும் நான். இவர்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை.

சம்பந்தி கேட்டுக்கொண்டார். அப்புறம் அவர் தொடங்கினார்.

"இவனையெல்லாம் வாசல்ல விட்டதே பிசகு. வேத்து மதத்துக்காரன், வேணும்னே பண்ணியிருப்பான். கூத்துன்னு சொன்னானாமே? இவன் அச்சாபீஸை இழுத்து மூடப் பண்ணணும். நான் சொல்றேன், இந்தப் பயல்..."

ரத்தம் தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். இன்னும் ஒரு வார்த்தை வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது.

"போறும்."

சொன்னது ஐயங்கார்.

"அவன் இவன்னு பேசாதேயும். தேஞ்ச ப்ளாக்கை வச்சு அடிச்சார், தப்பு. வாய்த்துடுக்காப் பேசினார், அதுவும் தப்பு. அதுக்குத்தான் தினம் வந்து என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிறார். வேணும்னு பண்ணினவன் தினம் வருவனா? இவர் என் பிரஸ்காரர். நான் திட்டுவேன். நீர் திட்டப்படாது."

பெண்ணைக் கொடுக்கிறவர், பிள்ளையைப் பெற்றவரைப் பார்த்து! அந்தக் குழந்தையின் கல்யாணம் என்னால் நின்றுபோய்விட்டதென்றே நினைத்தேன். மாதாவே, மாதாவே என்று மனசு அடித்துக்கொண்டது. ஐயங்கார் சம்பந்தி மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாமி முன்னால் வந்தார். "காபி ஆறறது" என்று டபராவைச் சம்பந்தி முன் வைத்தார்.

சம்பந்தி டபராவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எடுத்து ஆற்றினார், குடித்தார். "சர்க்கரை தூக்கல்" என்றார். பிறகு, நாகஸ்வரக்காரன் எந்த ஊர் என்று கேட்டார்.

நான் எப்போது வெளியே வந்தேன் என்று ஞாபகமில்லை. பஸ் ஏறாமல் நடந்தேன். பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாற்பத்தாறு வயசு ஆண்பிள்ளை, பட்டப்பகலில். அழுதால் என்ன?

வீட்டுக்கு வந்து புஷ்பத்திடம் சொன்னேன், ஆரோக்கியத்துக்குச் சொல்லிவிடு, திருவெறும்பூர் வேண்டாம் என்று.

"ஸ்ரீரங்கத்து வேலையெல்லாம் திரும்பி வந்துடுச்சா?"

"ஒண்ணும் வரல."

"பின்னே?"

"ஐயங்கார் என்னைத் தன்னோட பிரஸ்காரர்னு சொன்னாருடி" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தம்பி வீட்டில் இருக்கும்போதே சொல்லிவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.